லைனம்மாவும் என் புகார்களும்

என்னை இந்த உலகத்தில் அதிகம் காக்க வைத்தவர் யார் என்று கேட்டால், பல் டாக்டர் என்றோ வங்கிக்காரர் என்றோ சொல்ல மாட்டேன். எங்கள் பகுதி வானொலி நிலையத்தில் போன் எடுக்கிற அம்மாவைத்தான் சொல்வேன். "லைன்ல இருங்க ஐயா, இதோ வந்துடறேன்" என்பார். இருப்பேன். போன் சூடாகி, காது சூடாகி, கடைசியில் நானும் சூடாகிற வரைக்கும் இருப்பேன். அந்தக் கோபத்தில் நான் அவருக்கு வைத்த பெயர் லைனம்மா. என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது.

இன்று நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது அவரால்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

நிலையம் என்றதும் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் எங்கள் வானொலி எடுக்காது. அங்கே பேசுகிற யாருக்கும் அது பிழைப்பு இல்லை. காலையில் ஓய்வுபெற்ற தபால்காரர் செடி வளர்ப்பு பற்றிப் பேசுவார். அவருக்குப் பிறகு ஒரு மெக்கானிக் வண்டிகளுக்கு வைத்தியம் சொல்வார். அடுத்து ஓர் அக்காவும் தங்கையும் பழைய பாட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது உனக்குப் பிடித்ததா எனக்குப் பிடித்ததா என்று ஒரு சண்டை நடக்கும். அது முடிந்ததும் 'இடி நேரம்'. நடத்துகிறவன் சலூன்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இருந்தாலும் என் வயசுக்கு அவன் தம்பிதான். அவன் போடுகிற டிரம்ஸ் சத்தத்தில் என் அலமாரியில் டம்ளர்கள் தானாக நகரும். மதியம் ஒரு டாக்டரம்மா கேள்விகளுக்குப் பதில் சொல்வார். சாயங்காலம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருத்தர் நமக்கு ஒரு சொல்லும் விளங்காத பாஷைகளில் பாட்டுப் போட்டுவிட்டு, "எனக்கும் புரியல, ஆனா நல்லா இருக்குல்ல?" என்பார்.

நான் துணி மில்லில் குறை பார்க்கும் வேலையில் இருந்தவன். கீழே விளக்கு எரிகிற கண்ணாடிப் பலகை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்டிருந்தாலும், கறை பட்டிருந்தாலும், நிறுத்திச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட வேண்டும். நல்ல துணியைப் பார்த்து 'பலே' சொல்ல எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. மனைவி இருந்தவரை என் குறைகளைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருந்தது. "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் வேலையைப் பார்ப்பாள். அவள் போன பிறகு, மகன் விமானத்தில் போகிற தூரத்தில் இருக்க, அந்தப் பொறுப்பு வானொலி நிலையத்தின் தலையில் விழுந்தது.

"ஏம்மா, அந்தத் தபால்காரர் ஒரு ரோஜாச் செடியைப் பத்தி எத்தனை நாள் பேசுவாரு? அது இந்நேரம் செத்தே போயிருக்கும்."

"சொல்லிடறேன் ஐயா."

"ஏம்மா, இப்ப போடுறது பாட்டா, இல்ல வெண்கலக் கடையில யானை பூந்துடுச்சா?"

"பாட்டுதான் ஐயா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முடிஞ்சதும் அந்தத் தம்பியே 'பாட்டு முடிஞ்சுது'ன்னு சொல்லுறாரே."

என்னை ஒரு நாளாவது ஒலிபரப்பில் பேச விடும்படி சண்டை போட்டிருக்கிறேன். "வாழ்த்துதான் ஐயா மைக்குக்குப் போகும். புகார் அந்த ஆள்கிட்டப் போய்ச் சேரணும். நான் சேத்துடறேன்" என்பார். சேர்த்தும் விடுவார். மறுநாள் தபால்காரர், "ரோஜா போதும்னு ஒரு நேயர் உத்தரவு. இன்னைக்குக் கத்தரிச் செடி" என்று முணுமுணுப்பார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

வானொலிக் குறைகள் தீர்ந்துபோனால் அக்கம்பக்கத்துக்குப் போவேன். மாடிவீட்டம்மா மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவது, தொட்டி வழிந்து என் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுவது, பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தத்தில் பல் கூசுவது, வாசலில் பச்சை கேட் எண்ணெய் காணாமல் கத்துவது. தண்ணீர்த் தொட்டித் தகராறில் மாடிவீட்டம்மாவும் நானும் பேசுவதை நிறுத்தி வருஷம் இரண்டாகியிருந்தது. இத்தனையும் லைனம்மாவுக்குத் தெரியும். நடுநடுவே "அடடா" என்பார். வேறு போன் அடித்தால் "லைன்ல இருங்க." மறுபடியும் வந்து, "ம், தகரத்துல கொட்டுச்சு, அப்புறம்?" என்று விட்ட இடத்திலிருந்து எடுப்பார். அதுவே பெரிய விஷயம். என் மகனுக்குக்கூட விட்ட இடம் ஞாபகம் இருக்காது.

அன்றைக்குக் காலையில் தட்டைக் கழுவி வைக்கத் திரும்பினேன். சமையலறைத் தரையில் நானே சிந்திய தண்ணீர் கிடந்தது. ஊரில் இருக்கிற குறையெல்லாம் கண்ணில் பட்டது. காலடியில் கிடந்தது படவில்லை. விழுந்தேன். இடுப்பில் 'மளுக்' என்று ஒரு சத்தம். எழுந்திருக்கப் பார்த்தால் உலகமே வெள்ளையாக மின்னியது. அசைய முடியவில்லை. போன் கூடத்து அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. வாசல் கிரில் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. கத்தினேன். பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் வானொலி பாடிக்கொண்டிருந்தது. தபால்காரர் பேசினார்: "வேரோட சாஞ்ச செடியைப் பதறிப்போய்த் தூக்காதீங்க. அப்படியே விட்டு, சுத்தி மண்ணை அணைச்சுக் குடுங்க." அது சரி, எனக்கு மண் அணைக்க யார் இருக்கிறார்கள்? மெக்கானிக் வந்தார், போனார். அக்காவும் தங்கையும் வந்து சண்டையை ஆரம்பித்தார்கள். தினமும் 'வாயை மூடிட்டுப் பாட்டைப் போடுங்களேன்' என்று கத்துகிறவன், அன்றைக்கு அந்தச் சண்டை முடிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் மனிதர்கள் இருக்கிற மாதிரி இருந்தது. தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் ஒரு கை தூரத்தில் குழாயில் சொட்டுகிறது. இப்படியே கிடந்து செத்துப்போனால் ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடும்போதுதான் தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பயந்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பயந்துவிட்டேன்.

அப்புறம் இடி நேரம். டிரம்மில் விழுகிற ஒவ்வொரு அடியும் என் இடுப்பில் விழுந்தது. எழுந்து நிறுத்தவும் வழியில்லை, கூப்பிட்டுத் திட்டவும் வழியில்லை. கூடத்தில் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மறுபடியும். கடன் வேண்டுமா என்று கேட்கிற ஆட்களாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். திடீரென்று டிரம்ஸ் பாதியில் நின்றது. வானொலியில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.

"இதுல தானே பேசணும்? ம். வணக்கம். நான் இங்க போன் எடுக்கிறவ. மைக்குல பேசுறது இதுதான் முதல் தடவை, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

அந்தக் குரலை நான் போனில் கேட்காத நாளில்லை. வானொலியில் கேட்டதே இல்லை.

"நம்ம நிகழ்ச்சியையெல்லாம் தினமும் திட்டுற ஒருத்தர் இருக்காரு. நாங்க முஷ்டி ஐயான்னு சொல்லுவோம். இன்னைக்கு அவர் திட்டல. செடிக்குத் திட்டல, பழைய பாட்டுக்குத் திட்டல, இந்த இடி நேரத்துக்குக்கூடத் திட்டல. போன் அடிச்சா எடுக்கல. அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. அவர் பேரும் தெரியாது, வீடும் தெரியாது."

முஷ்டி ஐயாவா! படுத்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் தெம்பும் வந்தது.

"ஆனா வீட்டைச் சுத்தி என்னென்ன குறைன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்று லைனம்மா தொடர்ந்தார். குரலில் நடுக்கம் போய்விட்டது. "மாடியில ஒரு அம்மா இருக்காங்க. தினமும் மோட்டரைப் போட்டுட்டு மறந்துடுவாங்க. தொட்டி வழிஞ்சு தகரத்துல கொட்டும். அந்தம்மாவுக்குச் சுத்தமாக் காது கேக்காதுன்னு ஐயா சொல்லுவாரு. பக்கத்துலயே இரும்பு அறுக்குற பட்டறை. வாசல்ல பச்சை கேட், திறந்தா கத்தும். இதெல்லாம் ஒரே இடத்துல இருக்குற வீடு எதுன்னு தெரிஞ்சவங்க ஓடிப் போய்க் கதவைத் தட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலில் பட்டறைச் சத்தம் நின்றது. அப்புறம் மாடியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "எனக்கா காது கேக்காது!" என்று ஓர் அலறல். படிக்கட்டில் தடதடவென்று காலடி. பச்சை கேட் கத்தியது.

"ஐயா! உள்ள இருக்கீங்களா?" மாடிவீட்டம்மாவேதான்.

"இருக்கேம்மா. விழுந்து கிடக்கேன்." என் குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. "கேக்குதா?"

"எல்லாம் நல்லாவே கேக்குது! அசையாதீங்க!"

பட்டறைக்காரர் கட்டர் மெஷினோடு வந்து கிரில் பூட்டை அறுத்தார். இத்தனை வருஷம் பல் கூசுகிறது என்று நான் திட்டிய அதே சத்தம்தான். அன்றைக்கு அது எனக்குச் சங்கீதமாக இருந்தது. மாடிவீட்டம்மா ஒரு துணியை நனைத்து என் உதட்டில் வைத்தபடியே நிலையத்துக்குப் போன் போட்டார். "இருக்காரும்மா, இருக்காரு. இடுப்புதான் போச்சு, வாய் அப்படியே இருக்கு." ஃபிரிட்ஜின் மேலிருந்து லைனம்மா ஊருக்குச் சொன்னார்: "கிடைச்சுட்டாரு." அடுத்தது சலூன்காரத் தம்பி. விட்ட இடத்திலிருந்து டிரம்ஸைப் போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு அறுவை சிகிச்சை முடிந்து கிடந்தபோதுதான் லைனம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல உயரமான பெண்மணி என்று நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் கட்டிலுக்குப் பின்னால் நின்றால் தெரியாத அளவு குள்ளம். மூக்குக்கண்ணாடி, கையில் சாப்பாட்டு டப்பா, சளசளவென்று பேச்சு. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். போன் அடித்தால் உடனே எழுந்து ஓட வசதியாக அப்படியே பழகிவிட்டதாம்.

"அது என்னம்மா முஷ்டி ஐயா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. போன் மேஜை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மைக் அந்தப் பக்கம். ஒலிபரப்பு நடக்கும்போது உள்ளே பேச முடியாது, அதனால் சைகைதான். வாழ்த்து சொல்கிறவர் லைனில் இருந்தால் ஒரு விரல். பாட்டு கேட்டால் இரண்டு விரல். சொந்தக் கஷ்டம் சொல்கிறவர் என்றால் நெஞ்சில் கை. திட்டுகிறவர் என்றால் முஷ்டி.

"வேற யாரும் திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க ஐயா. ஆனா தினமும் யாரு திட்டுறா?"

கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதையும் வந்தது. அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இவர் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். கணவர் தவறிய பிறகு வேனை விற்றாயிற்று. அந்த வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்தான், "வீட்டுல சும்மா உக்காந்து அழாதீங்க, அங்க போன் எடுக்க ஆள் இல்ல" என்று வானொலி நிலையத்துக்குக் கூட்டிவந்தாராம். என்ன சொல்லியும் மைக் பக்கம் மட்டும் அவர் போனதில்லை. "வேனுக்குள்ள 'உக்காரு, கையை உள்ள போடு'ன்னு கத்திக் கத்தி ஆன குரல் ஐயா இது. ரேடியோவுக்கு ஆகாது" என்றார்.

"நான் கூப்பிடலைன்னு எப்படிம்மா தோணுச்சு? ஒழிஞ்சான் சனியன்னு விட வேண்டியதுதானே?"

"வேன்ல நான் ஏறின பிள்ளைங்களைப் பார்க்க மாட்டேன் ஐயா. ஏறின பிள்ளைதான் கண்ணு முன்னாடி இருக்கே. ஏறாதது எது, ஏன் ஏறலைன்னுதான் பார்ப்பேன். இறங்கிப் போய் வீட்டுக் கதவைத் தட்டிடுவேன். எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வரும், நேரமாகுதும்பாரு. அந்தப் பழக்கம் போக மாட்டேங்குது."

அவர் கணக்கில் நான் மட்டும் இல்லை. மனைவிக்காக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒருவர் இருக்கிறார். 'என் தோழிக்கு' என்று சொல்லித் தன் வியாதியையே டாக்டரம்மாவிடம் கேட்கிற ஒரு பெண் இருக்கிறாள். யாராவது சத்தமில்லாமல் போய்விட்டால் இவரே கூப்பிட்டுவிடுவார். "பாதிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது ஐயா, ரீசார்ஜ் பண்ணியிருக்க மாட்டாங்க" என்று சிரித்தார். அன்றைக்கு நான் போனை எடுக்கவில்லை என்றதும் சலூன்காரத் தம்பியைத்தான் அறிவிக்கச் சொல்லியிருக்கிறார். அவன், "எனக்கு அவரைப் பத்தி என்னக்கா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது உங்க முஷ்டிதான்" என்று எழுந்து நாற்காலியைக் காலி செய்துவிட்டானாம். அவனுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல, டிரம்ஸ்காரனுக்கு நான் கடன்!

"அம்மா, உனக்கு எப்படி நன்றி சொல்லுறதுன்னே தெரியல" என்றேன். எனக்கு அந்த வார்த்தை அவ்வளவாகப் பழக்கமில்லை.

"அது கிடக்கட்டும் ஐயா, நீங்க எப்ப வீட்டுக்குப் போறீங்க? நிலையத்துல கேக்க ஆளில்லாம எல்லாரும் கெட்டுப் போயிட்டாங்க. தபால்காரர் மறுபடியும் ரோஜாவுக்குப் போயிட்டாரு."

அவருக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சியே தருவதாக நிலையத்தில் கெஞ்சினார்களாம். ஒரு நாள் பேசினதே போதும், ஆளை விடுங்கள் என்று பழைய நாற்காலிக்கே போய்விட்டார். யாரும் அவர் பெயரை ஒலிபரப்பில் சொல்வதில்லை. அவர் சொல்ல விடுவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷி யார் யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பது பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கையில் ஊன்றுகோல், கழுத்தில் கயிறு கட்டி போன். கயிறு மாடிவீட்டம்மாவின் உத்தரவு. அவர் இப்போதும் மோட்டரை மறக்கிறார். ஆனால் நான் கத்தினால், "கேக்குது, கேக்குது, நிறுத்திட்டேன்!" என்று பதில் வருகிறது. பட்டறைக்காரர் பச்சை கேட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். புகார்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது எனக்கே கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் இடி நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் டிரம்ஸ் மெதுவாக ஆரம்பித்து, மழை வலுக்கிற மாதிரி வலுத்துக்கொண்டே போனது. என் விரல் தானாக மேஜையில் தாளம் போட்டது. சரி, நல்லதையும் ஒரு தரம் சொல்லிப் பார்ப்போமே என்று போனை எடுத்தேன்.

"சொல்லுங்க ஐயா, இன்னைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்கு அந்தத் தம்பி ரொம்ப நல்லாப் போட்டான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

"ஐயா," குரல் இறங்கிவிட்டது, "உக்காந்திருக்கீங்களா, கீழ கிடக்கீங்களா?"

"உக்காந்துதான்மா இருக்கேன்."

"தலை சுத்துதா? நெஞ்சு ஏதாவது படபடன்னு வருதா?"

"அட, நல்லா இருக்கேம்மா! பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான்!"

"லைன்ல இருங்க ஐயா. போனை வெச்சுடாதீங்க."

இருந்தேன். அடுத்த சில நிமிஷத்தில் மாடிப்படி தடதடத்தது. கையில் கரண்டியோடு மாடிவீட்டம்மா. பின்னாலேயே பட்டறைக்காரர், ஒரு கையில் கட்டர் மெஷின், காதில் போன். கதவு திறந்துதான் கிடந்தது. இருவரும் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"முகம் வெளுத்த மாதிரி இல்ல?" என்றார் மாடிவீட்டம்மா.

"லைனம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லவான்னு கேக்குறாங்க" என்றார் பட்டறைக்காரர்.

இனிச் சும்மா இருந்தால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. போனை வாய்க்கு நேரே பிடித்தேன்.

"ஏம்மா! பாட்டு நல்லா இருந்தா போதுமா? அதுக்கு முன்னாடி அந்தப் பய நீட்டி முழக்கிப் பேசினான் பாரு ஒரு பேச்சு, அதை எந்த மனுஷன் கேப்பான்? முடிவெட்ட வந்தவன்கிட்டப் பேசுற பேச்சையெல்லாம் எங்ககிட்ட எதுக்குப் பேசுறான்?"

லைனில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா," என்றார் லைனம்மா. "இப்பத்தான் ஐயா எனக்கு உயிரே வந்துச்சு. இருங்க, கண்ணாடியில முஷ்டி காட்டிட்டு வந்துடறேன்."